பென் டிரைவில் ஓடும் கொம்பியூட்டர்: வன்னியில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தில் சனி, ஞாயிறு நாட்களில் கொம்பியூட்டர் வகுப்பு எடுக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் சேர்ந்து அனுப்பிய பழைய டெஸ்க்டொப் பத்து எங்களிடம் உண்டு. இரண்டாவது மாரி முடிவதற்குள் ஆறு மெஷின்களின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. மற்றப்படி போர்ட், ரம் (மெஷின் ஓடும்போது மட்டும் நினைவு வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்), மொனிட்டர் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. அந்த ஆறையும் இன்றுவரை பென் டிரைவில்தான் ஓட்டுகிறோம். பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

“சேர், ஹார்ட் டிஸ்க்கே இல்லாமல் கொம்பியூட்டர் எப்படி ஓடும்?”

பள்ளிப் புத்தகத்தில் ‘பணிசெயல் முறைமை’ என்று படித்திருப்பீர்கள். இயங்குதளம் என்று மற்றவர்கள் சொல்வதும் அதுதான். அது ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பவர் பட்டனை அழுத்தியதும் போர்டில் இருக்கும் பயோஸ் என்ற தொடக்க மென்பொருள், தன்னிடம் உள்ள வரிசைப்படி ஒவ்வொரு சேமிப்பகமாகப் பார்த்துக்கொண்டு போகும். தொடங்கக்கூடிய இயங்குதளம் எதில் முதலில் கிடைக்கிறதோ அதை எடுத்து ரம்மில் ஏற்றும். அது சுழலும் தட்டா, யூஎஸ்பி துளையில் செருகிய விரல் அளவுப் பொருளா என்பது பயோஸுக்குப் பொருட்டில்லை.

ஆகவே புரோசசரும் ரம்மும் திரையும் அந்த மெஷினுடையவை. இயங்குதளமும் உங்கள் பைல்களும் உங்கள் சட்டைப்பையில் இருப்பவை. 2000ஆம் ஆண்டு ஜேர்மனியரான கிளவுஸ் க்னொப்பர் வெளியிட்ட க்னொப்பிக்ஸ் என்ற லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச இயங்குதளம்) இதை ஒரு சீடியில் செய்துகாட்டியது. சீடியில் எழுதி வைக்க முடியாது, பென் டிரைவில் முடியும். எங்களுக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாம்.

ஹார்ட் டிஸ்க் ஏன் இவ்வளவு விரைவாகப் போகிறது?

உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கிறது. அதன்மேல் படாமல், தலைமுடியின் தடிப்பைவிட எத்தனையோ மடங்கு குறைந்த இடைவெளியில், வாசிக்கும் தலை மிதக்கிறது. கரண்ட் திடீரென்று போய், போன வேகத்தில் திரும்பி வந்தால் அது தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அதோடு எங்கள் ஊர்ச் செம்மண் தூசி. விசிறியை அடைத்து மெஷினைக் கொதிக்க வைக்கும். பழைய டெஸ்க்டொப்பை முதன்முதலில் திறக்கும்போது உள்ளே ஒரு விரற்கடை தடிப்பில் சிவப்பாகப் படிந்திருக்கும். பென் டிரைவில் அசையும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

எந்தப் பென் டிரைவ் வாங்குவது? 2 டிபி என்று மலிவாக விற்கிறார்களே?

அதை வாங்காதீர்கள். ஒரு கோயில் திருவிழாக் கடையில் என் மாணவன் ஒருவன் அப்படி ஒன்றை வாங்கி வந்தான். செருகினால் 2 டிபி என்றுதான் காட்டியது. சோதித்தபோது உள்ளே இருந்தது 8 ஜிபிகூட இல்லை. உள்ளிருக்கும் கொன்ட்ரோலர் சிப்பைப் பொய் சொல்லும்படி மாற்றிவிடுகிறார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் அதற்குமேல் எழுதுவது காணாமல் போகும், அல்லது முன்னே எழுதியதை அழிக்கும். பைலின் பெயர் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. புதிதாக எந்தப் பென் டிரைவ் வாங்கினாலும், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் ஒருமுறை முழுக்க எழுதி வாசித்துப் பாருங்கள். சில மணித்தியாலம் எடுக்கும். கடைக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடிய நாட்களுக்குள் செய்துவிடுங்கள்.

32 ஜிபி போதும். யூஎஸ்பி 3 வகையாகப் பார்த்து வாங்குங்கள். செருகும் வாயின் உள்ளே பெரும்பாலும் நீல நிறத் தட்டு இருக்கும். யூஎஸ்பி 2 துளையில் பெரும்பாலும் செக்கனுக்கு 30, 40 எம்பியைத் தாண்டாது. இன்னும் கொஞ்சம் காசு சேர்க்க முடியுமென்றால், சிறிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்றும் அதற்கான யூஎஸ்பி உறையும் வாங்குங்கள். இயங்குதளம் ஓட்டுவதற்குப் பென் டிரைவைவிட அது எவ்வளவோ மேல். டெஸ்க்டொப் உங்களுடையதே என்றால், உறைகூட வேண்டாம், அதே எஸ்எஸ்டியை உள்ளேயே பூட்டிவிடுங்கள். பென் டிரைவ் வகுப்பு நடத்துகிறவன் இப்படிச் சொல்வது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் காசு செலவழிக்கப் போகிறவருக்கு உள்ளதைத்தான் சொல்ல வேண்டும்.

எந்த லினக்ஸ்?

ரம்மைப் பார்த்து முடிவெடுங்கள். 4 ஜிபி அல்லது கூட இருந்தால் லினக்ஸ் மிண்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அல்லது எம்எக்ஸ் லினக்ஸ். 1, 2 ஜிபிதான் என்றால் பப்பி லினக்ஸ் அல்லது அன்டிஎக்ஸ். பப்பியை அவுஸ்திரேலியரான பரி கௌலர் 2003இல் தொடங்கினார். அளவில் மிகச் சிறியது, முழுவதையும் ரம்மில் ஏற்றிவிடும். எங்கள் ஆறு மெஷின்களில் இரண்டு பப்பியிலும் நான்கு எம்எக்ஸிலும் ஓடுகின்றன.

பழைய 32 பிட் மெஷின் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: உபுண்டு, மிண்ட் இரண்டின் புதிய பதிப்புகளும் அதில் ஓடாது. 2025இல் வந்த டெபியன் 13உம் அவற்றுக்கான நிறுவலைக் கைவிட்டுவிட்டது.

எப்படிச் செய்வது?

முதலில் ஐஎஸ்ஓ பைல் (லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஒரே பைல்) வேண்டும். மிண்ட் என்றால் 3 ஜிபிக்குக் கிட்ட வரும். இரவு டேட்டாவில் இறக்குங்கள். அல்லது ஏற்கனவே வைத்திருப்பவரிடம் கொப்பி எடுங்கள். லினக்ஸைக் கொப்பி எடுப்பது களவு இல்லை. அதன் உரிமமே அதற்கு அனுமதி தருகிறது.

பிறகு விண்டோஸ் மெஷின் ஒன்றில் ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருளைத் திறந்து, பென் டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தெரிவுசெய்யுங்கள். பக்கத்தில் உள்ள சரிக்குறியை அழுத்தினால் அந்தப் பைலின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணைக் காட்டும். லினக்ஸ் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு அது ஓர் எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இறக்கிய பைல் குறையாக இருப்பது அடிக்கடி நடக்கும். அதைத் தெரியாமல் அரை நாள் மினக்கெட்டவர்களை எனக்குத் தெரியும். எல்லாம் சரியென்றால் தொடங்குங்கள். பென் டிரைவில் இருந்த அனைத்தும் அழிந்துவிடும், முன்கூட்டியே கொப்பி எடுத்துவிடுங்கள்.

பல லினக்ஸ்களை ஒரே பென் டிரைவில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வென்டோய் என்ற மென்பொருளைப் போடலாம். ஒருமுறை நிறுவினால், அதன்பின் ஐஎஸ்ஓ பைல்களை வெறுமனே கொப்பி பண்ணினாலே போதும்.

பென் டிரைவைச் செருகியும் விண்டோஸ்தான் வருகிறது.

தொடங்கும்போது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவோ, ஏசரில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸ் லப்டொப்பில் எஸ்கேப். ஏசரில் சிலவேளை அந்த மெனுவை முதலில் பயோஸில் இயக்கிவிட வேண்டும். ‘செக்யூர் பூட்’ என்பது அங்கீகரிக்கப்பட்ட இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் காவல். மிண்ட், உபுண்டு இரண்டும் அதோடு ஒத்துப்போகும். மற்றச் சிலவற்றுக்கு அதை நிறுத்த வேண்டியிருக்கும்.

விண்டோஸ் 11 உள்ள புது லப்டொப்பில் செக்யூர் பூட்டைத் தொட முன்னர் ஒரு நிமிடம் பொறுங்கள். அவற்றில் பல, டிஸ்க்கைத் தாமாகவே பிட்லொக்கரால் பூட்டி வைத்திருக்கும். அமைப்பை மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே கைவையுங்கள். தெரியாவிட்டால் அந்த லப்டொப்பை விட்டுவிடுங்கள்.

“கரண்ட் போனால் நான் செய்த வேலை என்ன ஆகும்?”

வன்னியில் இந்தக் கேள்விதான் முதலாவதாக இருக்க வேண்டும்.

சாதாரணமாக எழுதிய லைவ் (நிறுவாமலே நேரே ஓடும்) பென் டிரைவில், இயங்குதளம் முழுவதும் அமுக்கிக் கட்டிய ஒரே பைலாக இருக்கும். அதை வாசிக்க மட்டுமே முடியும். நீங்கள் செய்யும் மாற்றம் எல்லாம் ரம்மில், அதன்மேல் விரித்த ஒரு துணி போலக் கிடக்கும். மெஷினை அணைத்தால் துணி போய்விடும். அடுத்த முறை பென் டிரைவ் முதல்நாள் போலவே புத்தம் புதிதாகத் திறக்கும். வைரஸ் பயம் உள்ள இடத்துக்கு இது நல்லம். கட்டுரை எழுதியவருக்குக் கண்ணீர்.

மாற்றங்களைத் தங்கவைக்கும் ஏற்பாட்டைப் பெர்சிஸ்டன்ஸ் என்பார்கள். உபுண்டு வகைகளுக்கு ரூஃபஸிலேயே அதற்கு எவ்வளவு இடம் என்று கேட்கும். ஆனால் என் மனம் சாய்வது எம்எக்ஸ் பக்கம். காரணம், எதை எப்போது எழுதுவது என்று அதில் தெரிவுசெய்யலாம். ‘பெர்சிஸ்ட் ஸ்டட்டிக்’ என்று எடுத்தால் எல்லாமே உடனுக்குடன் பென் டிரைவில் எழுதப்படும். வேகம் குறையும், தேய்மானம் கூடும். ‘பெர்சிஸ்ட் ரூட்’ என்றால் எல்லாம் ரம்மில் இருந்து, அணைக்கும்போது எழுதப்படும். வேகமானது, ஆனால் இடையில் கரண்ட் போனால் அன்றைய உழைப்பு முழுவதும் போய்விடும். நாங்கள் பாவிப்பது ‘பெர்சிஸ்ட் ஓல்’. அதில் இயங்குதளத்தின் மாற்றங்கள் ரம்மில் இருக்கும், உங்கள் சொந்தப் பைல்கள் மட்டும் நேரே பென் டிரைவுக்குப் போகும். கரண்ட் போனால் அன்று புதிதாக நிறுவிய மென்பொருள் ஒன்று போகலாம். சேவ் பண்ணிய கட்டுரை தப்பிவிடும். டெஸ்க்டொப்பை வைத்திருப்பவர்களுக்கு இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன்.

பப்பி வேறு விதம். மாற்றங்களை ரம்மில் வைத்துக்கொண்டு, இடையிடையே பென் டிரைவில் எழுதும். திரையில் ‘சேவ்’ என்று ஒரு படமும் இருக்கும். வானம் இருண்டு இடி கேட்கத் தொடங்கினால் எங்கள் பிள்ளைகள் தாங்களாகவே அதில் இரண்டு தடவை தட்டிவிடுவார்கள். பென் டிரைவின் சிவப்பு லைட் படபடவென்று மினுங்கும். அது அடங்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்பது வகுப்பின் சட்டம்.

லினக்ஸைப் பென் டிரைவிலேயே முழுதாக நிறுவினால் என்ன?

செய்யலாம். இரண்டு பென் டிரைவ் வேண்டும், ஒன்றிலிருந்து மற்றதுக்கு. ஆனால் மிண்ட், உபுண்டு நிறுவிகள், நீங்கள் பென் டிரைவைத் தெரிவுசெய்தாலும், தொடக்கப் பைல்களை உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடுவது உண்டு. பிறகு பென் டிரைவ் இல்லாமல் விண்டோஸ் ஒழுங்காகத் தொடங்காது, பென் டிரைவ் வேறு மெஷினிலும் தொடங்காது. நிறுவும்போது உள் டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாத லப்டொப்பில் இதைச் செய்ய வேண்டாம்.

“ஒரு பென் டிரைவை வைத்துப் பத்து மெஷினையும் ஓட்டலாமா?”

ஓட்டலாம். பூட் வரியின் (லினக்ஸ் தொடங்கும்போது திருத்தக்கூடிய கட்டளை வரி) கடைசியில் ‘டோரம்’ (toram) என்பதற்கான ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால், முழு இயங்குதளமும் ரம்மில் ஏறிவிடும். அதன்பின் பென் டிரைவைக் கழற்றி அடுத்த மெஷினில் செருகலாம். ஐஎஸ்ஓவின் அளவைவிட ரம் தாராளமாகக் கூட இருக்க வேண்டும். எதுவும் சேமிக்கப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள். மவுஸ் பழகும் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு நாங்கள் இப்படித்தான் செய்கிறோம்.

பென் டிரைவ் எவ்வளவு காலம் தாங்கும்?

இதை விளங்கிக்கொள்ள உள்ளே போக வேண்டும். 1980களில் தோஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோக்கா உருவாக்கியது இந்த ஃபிளாஷ் நினைவகம். பென் டிரைவில் இருக்கும் நன்ட் வகையை அவர் 1987இல் வெளியிட்டார். ஒரே நொடியில் பெரிய பகுதியை அழிக்கும் விதம் கமராவின் ஃபிளாஷ் போல இருக்கிறது என்று அவருடைய சக பணியாளர் சொன்னதால் அந்தப் பெயர் வந்தது.

அந்த அழிக்கும் விதத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. ஃபிளாஷில் சின்னச் சின்னப் பக்கங்களாக எழுதலாம். ஆனால் அழிப்பதென்றால் பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதியாகத்தான் அழிக்கலாம். கரும்பலகையில் ஒரு சொல்லைத் திருத்த, மற்ற வரிகளை எல்லாம் வேறு பலகையில் பார்த்தெழுதிவிட்டு முதற் பலகையை முழுக்கத் துடைப்பது போன்றது. ஒவ்வொரு துடைப்பிலும், மின்னேற்றத்தை அடைத்து வைத்திருக்கும் மெல்லிய காப்புப் படலம் கொஞ்சம் நைந்துபோகும். மலிவான பென் டிரைவில் ஒரு தொகுதி தாங்குவது சில நூறிலிருந்து சில ஆயிரம் தடவைதான். எஸ்எஸ்டியில் இருக்கும் கொன்ட்ரோலர் தேய்மானத்தை எல்லாத் தொகுதிகளுக்கும் நன்றாகப் பங்கிட்டுக் கொடுக்கும். பென் டிரைவில் உள்ளது அந்தளவுக்குக் கெட்டித்தனம் இல்லாதது.

படமும் பாட்டும் கொப்பி பண்ணுகிறவருக்கு இது உறைக்காது. இயங்குதளமோ நாள் முழுக்கத் துளித்துளியாக எழுதிக்கொண்டே இருக்கும். பிரவுசர்தான் அதில் முதல் ஆள். ஆகவே பிரவுசரின் கஷ்ஷை (பார்த்த பக்கங்களின் தற்காலிகக் கொப்பி) ரம்முக்கு மாற்றுங்கள், ஸ்வொப்பை (ரம் போதாதபோது பாவிக்கும் இடம்) பென் டிரைவில் வைக்காதீர்கள், இடத்தை முழுக்க நிரப்பாமல் கால்வாசியாவது விட்டுவையுங்கள். லைவ் பென் டிரைவில் பெரிய அப்டேட்டுகளைப் போடாதீர்கள். பழையது அமுக்கிய பைலுக்குள் அப்படியே இருக்க, புதியதும் சேர்ந்து இடத்தைத் தின்னும். ஆண்டுக்கு ஒரு தடவை புதிய ஐஎஸ்ஓவை எழுதுவதே நல்லம்.

வெக்கையும் எதிரி. சூடு கூடக் கூட அடைத்து வைத்த மின்னேற்றம் கசிவது வேகமாகும். சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தேய்ந்த பென் டிரைவ் சிலவேளை ‘வாசிக்க மட்டும்’ என்ற நிலைக்குப் போய்விடும். அது ஒரு கடைசிச் சந்தர்ப்பம், உடனே பைல்களை எடுத்துவிடுங்கள். பல பென் டிரைவுகள் அந்தச் சந்தர்ப்பத்தையும் தராமல் ஒரு காலையில் பேசாமல் இருந்துவிடும்.

விண்டோஸ் திறக்கவில்லை. உள்ளே இருக்கும் படங்களை எடுக்கலாமா?

பல வேளைகளில் எடுக்கலாம். லைவ் பென் டிரைவின் ஆகப் பெரிய பயன் இதுதான் என்பேன்.

போன வருடம் ஓர் அம்மா, சீலைத் துணியில் சுற்றிய லப்டொப்போடு வந்தார். ஒரு கடையில் “போர்மட் அடிக்க வேணும், உள்ளே இருக்கிறது ஒண்டும் மிஞ்சாது” என்று சொல்லியிருக்கிறார்கள். “அல்பம் ஒண்டும் எங்களிட்ட இல்லைத் தம்பி. மூத்தவளின்ரை கலியாணப் படம், பேரப்பிள்ளையின்ரை படம், எல்லாம் இதுக்குள்ளதான்” என்றார். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து வந்த குடும்பங்களில் பழைய படங்கள் இல்லை. அதற்குப் பிறகு எடுத்தவைதான் இருக்கின்றன. அதனால் அவர் சொன்னதன் பாரம் எனக்குத் தெரியும்.

மிண்ட்டில் தொடங்கினோம். விண்டோஸின் டிஸ்க் தெரிந்தது, ஆனால் வாசிக்க மட்டும் என்று வந்தது. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. அணைத்தாலும் அது முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருக்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கில் எழுத லினக்ஸ் மறுத்துவிடும். எங்களுக்கு வாசித்தாலே போதும். படங்கள் இருந்த போல்டரைத் திறந்ததும் சின்னச் சின்னச் சதுரங்களாக முகங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அவர் கதிரையில் இருந்து எழும்பி வந்து திரைக்குக் கிட்டக் குனிந்து நின்றார். கொப்பியாகி முடிய ஒன்றரை மணித்தியாலம். இரண்டு வேறு டிஸ்க்குகளில் எடுத்து, ஒன்றை மகளின் வீட்டில் வைக்கச் சொன்னேன்.

ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டால் இப்படிச் செய்யாதீர்கள், உடனே அணையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடும். பிட்லொக்கர் பூட்டிய டிஸ்க்கென்றால் மீட்புச் சாவி இல்லாமல் லினக்ஸாலும் திறக்க முடியாது.

பென் டிரைவில் வேலை செய்த பிறகு விண்டோஸில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டுகிறது.

பழுது இல்லை. போர்டில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் இலங்கை நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, இணையத்தைப் பார்த்துத் திருத்திவிடும். இரண்டுக்கும் இடைவெளி 5.30. விண்டோஸில் நேரத்தை ‘சிங்க்’ பண்ணினால் சரி.

தமிழ் எழுதலாமா? பாமினி?

யுனிகோடில் எழுத ஐபஸ், எம்17என் என்ற இரண்டு மென்பொருள்களையும் நிறுவினால் தமிழ்99, ஒலிப்பு முறை, இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகை எல்லாம் வரும். பாமினி ஒரு எழுத்துரு மட்டுமே. அந்தப் பைலை உங்கள் ஃபொன்ட் போல்டரில் போட்டால் பழைய வினாத்தாள்கள் லிப்ரேஒஃபிஸில் திறக்கும். பக்க அமைப்புக் கொஞ்சம் கலையலாம்.

விண்டோஸையே பென் டிரைவில் போட முடியாதா?

‘விண்டோஸ் டு கோ’ என்று மைக்ரோசொஃப்ட் 2012இல் விண்டோஸ் 8உடன் கொடுத்தது, 2020இல் எடுத்துவிட்டது. ரூஃபஸ் இன்னும் அப்படி ஒன்றைச் செய்து தரும். சாதாரணப் பென் டிரைவில் அது நகராது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததால், 11 ஏறாத பழைய மெஷின்களுக்கு லினக்ஸே நல்ல வழி.

பாடசாலை மெஷினில், நெட் கஃபேயில் செருகலாமா?

பொறுப்பானவரிடம் கேட்டுவிட்டுச் செருகுங்கள். அவர்களுடைய டிஸ்க்கில் நீங்களாகத் திறந்து எழுதாதவரை எதுவும் பதியாது. ஆனால் நெட்வொர்க் வழியாகப் போவது அவர்களுக்குத் தெரியக்கூடியதே.

போன் மெமரி கார்ட்?

யூஎஸ்பி ரீடரில் போட்டால் பென் டிரைவ் போலவே தொடங்கும். லப்டொப்பின் பக்கத்துத் துளையிலிருந்து பல மெஷின்கள் தொடங்காது. 2012இல் வந்த ராஸ்பெரி பை என்ற கையடக்க போர்ட் மெமரி கார்டிலிருந்தே ஓடும்படி செய்யப்பட்டது. 5 வோல்ட்டில் ஓடுவதால் சோலார் உள்ள வீட்டுக்குப் பொருத்தம்.

பென் டிரைவைத் திரும்பப் பழையபடி ஆக்குவது எப்படி? 32 ஜிபி இப்போது 4 ஜிபி என்று காட்டுகிறது.

இடம் எங்கும் போகவில்லை, பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ரூஃபஸைத் திறந்து, ஐஎஸ்ஓ தெரிவுசெய்யும் இடத்தில் ‘நொன் பூட்டபிள்’ என்று எடுத்து, எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்எஃப்ஏடி ஆக எழுதுங்கள். முழு இடமும் திரும்ப வந்துவிடும். எழுத முன்னர் சரியான பென் டிரைவைத்தான் தெரிவுசெய்திருக்கிறீர்களா என்று பெயரையும் அளவையும் இரண்டாம் தரம் பாருங்கள். மற்ற யூஎஸ்பி டிஸ்க்குகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டால் இன்னும் நல்லம்.